பட்டுப்புழு மனைக்கு வெயிலும் பகை, பனியும் பகை

தருமபுரி மாவட்டத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் சிறு விவசாயிக்கு ஒரு பயிர் என்பது இருபத்தைந்து நாள் கணக்கு. முதல் இரண்டு பருவத்தையும் இளம்புழு வளர்ப்பு மையத்தார் பார்த்துக் கொடுத்துவிட்டால், விவசாயியின் மனையில் புழு தங்குவது பதினெட்டு நாள் அளவே. அதிலும் கடைசி ஏழெட்டு நாள்தான் வரவு செலவைத் தீர்மானிக்கிறது. புழு தன் வாழ்நாளில் தின்னும் மொத்த இலையில் ஐந்தில் நான்கு பங்கை ஐந்தாம் பருவத்தில்தான் தின்கிறது. தோட்டத்து இலை முழுவதும் மனைக்குள் போய்ச் சேர்ந்து, கூலியும் கொடுத்து முடிந்த அந்த நேரத்தில், சித்திரை வெயில் தகரக் கூரை வழியே இறங்கினால் புழு இலையைத் தொடாமல் தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்கும். மறுநாள் சிலது சுருங்கும். அதற்கு மறுநாள் தட்டெல்லாம் நாற்றம்.

இருநூறு முட்டைத் தொகுதி வளர்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நூறு தொகுதிக்கு 75 கிலோ வீதம் கூடு எடுத்தால் 150 கிலோ. வெயிலில் அடிபட்டு நூறு தொகுதிக்கு 45 கிலோவாகக் குறைந்தால் கைக்கு வருவது 90 கிலோ. கூட்டின் விலை நாளுக்கு நாள் மாறுவது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கிலோ 600 ரூபாய் என வைத்துக்கொண்டாலும் இழப்பு 36,000 ரூபாய். மிஞ்சிய கூடும் மெலிந்த கூடாக இருப்பதால் தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் கேட்பவர் விலையைக் குறைத்தே கேட்பார். இலைக்கு இட்ட உரமும், கிணற்று நீரும், வீட்டுப் பெண்கள் இரவில் கண் விழித்து இலை போட்ட உழைப்பும் மட்டும் குறைவதில்லை.

தருமபுரி பாலைவனம் அல்ல. ஆண்டுக்கு 850 மில்லிமீட்டரையொட்டி மழை பெய்கிற ஊர்தான். ஆனால் மாசி முதல் வைகாசி வரை காற்றில் ஈரம் வற்றிப் போகிறது. பிற்பகல் வெப்பம் 38 டிகிரி சென்டிகிரேடைத் தொடுகிறது. மார்கழி, தை இரவுகளிலோ 17, 18 டிகிரிக்கு இறங்குகிறது. பழைய தருமபுரி மாவட்டத்தில் பட்டு என்றாலே முதலில் நினைவுக்கு வருவது ஓசூர். அது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். பெங்களூரின் குளிர்ச்சி அங்கே உண்டு. 2004ஆம் ஆண்டு கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர் அந்தப் பக்கம் போய்விட்டது. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், நல்லம்பள்ளி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ஆகிய பகுதிகள் இருப்பது அதில் பாதி உயரத்தில்தான். ஓசூரில் கதவைத் திறந்து வைத்தால் சரியாகிவிடுகிற காரியத்துக்கு இங்கே முயற்சி எடுத்தாக வேண்டும்.

புழு கேட்கும் வெப்பம் பருவத்துக்குப் பருவம் இறங்கிக்கொண்டே வருவது. முதல் பருவத்துக்கு 27, 28 டிகிரியும் 85 சதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். மூன்றாம் பருவத்துக்கு 25, 26 டிகிரி, 80 சதம். ஐந்தாம் பருவத்துக்கு 23, 24 டிகிரியும் 65 முதல் 70 சதமும் போதும். கூடு கட்டும்போது 24, 25 டிகிரியில் ஈரம் 60, 65 சதமாகக் குறைய வேண்டும். இந்த ஊர் வேனிலில் 24 டிகிரி என்பது கனவு. பைவோல்டின் என்னும் வெண்கூட்டு இனத்துக்கு 28 டிகிரிக்குள் வைத்துவிட்டாலே பயிர் தேறும். 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால்தான் பிளாச்சரியும் பால் புழு நோயும் தலை காட்டுகின்றன. பகலில் 35, இரவில் 20 என்று ஏறி இறங்குவதும் கேடு. நோய்க் கிருமி முன்னமே மனையில் இருக்கலாம். புழுவின் உடல் தளரும்போதுதான் அது வெல்கிறது.

கூரையைக் கவனியுங்கள்

முன்பெல்லாம் புழு வளர்ந்தது குடியிருக்கும் வீட்டிலேயேதான். மண் சுவரும், தென்னங்கீற்று அல்லது நாட்டு ஓட்டுக் கூரையும் கொண்ட வீட்டில் நடுக்கூடம் புழுவுக்கு, திண்ணை மனிதருக்கு என்று இருந்த குடும்பங்கள் பல. நோய்த் தடுப்புக்கு அது உகந்ததல்ல. சமையல் புகையும், வருவோர் போவோரும், மருந்து தெளிக்க முடியாத மூலை முடுக்குகளும் பயிரைக் கெடுத்தன. தனி மனை கட்டச் சொன்னது சரியே. ஆனால் மனை தனியானபோது கூரை தகரமாகவும் சிமெண்டுத் தகடாகவும் மாறிவிட்டது. சுவரை உயர்த்தவும் தட்டு அடுக்கு வாங்கவும் செலவழித்தவர்கள், கூரை விஷயத்தில் மலிவாகக் கிடைத்ததைப் போட்டுக்கொண்டார்கள்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் கூரை மேல் விழும் வெப்பம் ஏறத்தாழ 1 கிலோவாட். ஐம்பது அடி நீளம், இருபது அடி அகலமுள்ள மனையின் கூரை 93 சதுர மீட்டர். அதாவது தொண்ணூறு மின்சார அடுப்புகளைக் கூரை மேல் எரிய விட்டது போல. துருவேறிய தகரம் நண்பகலில் 60 டிகிரிக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே தண்ணீர் தெளிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் இறைக்கும் வேலை.

கைக்கு எட்டிய முதல் வழி சுண்ணாம்பு. நன்றாகப் பூத்த கிளிஞ்சல் சுண்ணாம்பையோ கல் சுண்ணாம்பையோ நீர்த்து வடிகட்டி, பிடிப்புக்கு வஜ்ஜிரப் பசை சேர்த்து, கூரையின் வெளிப்பக்கம் இரண்டு பூச்சு கொடுக்க வேண்டும். புதுப் பூச்சு வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரையும், ஆண்டுதோறும் மாசி பிறக்கும் முன் மறுபடி பூச வேண்டியதுதான். சிமெண்டுத் தகட்டின் மேல் பலகை போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். தகட்டில் கால் வைத்து விழுந்தவர்கள் உண்டு.

அடுத்தது கீற்று. தகரத்தின் மேல் தென்னங்கீற்றை ஒரு சாண் இடைவெளி விட்டு, மூங்கில் சட்டத்தின் மேல் வேய்ந்தால், வெயில் கீற்றோடு நிற்கும். இடையில் ஓடும் காற்று சூட்டை வாரிக்கொண்டு போகும். கீற்றைத் தகரத்தோடு ஒட்டிப் போடுவதைவிட இது நல்லது. கரும்புச் சோகையும் உதவும். தீப்பிடிக்கும் பயமும் எலி ஏறும் பயமும் உண்டு என்பதால் மின்கம்பி கூரையைத் தொடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கூரைக்குள் பக்கம் மூங்கில் பாய் அல்லது ஓலைப் பாயால் தட்டுக்கூரை கட்டினாலும் மேல் தட்டுப் புழுக்கள் தப்பிக்கும்.

சிலர் பந்தல் கட்டிப் பீர்க்கனும் அவரையும் கூரை மேல் படர விடுகிறார்கள். நிழலும் கிடைக்கும், காயும் கிடைக்கும். அந்தக் கொடிக்குப் பூச்சிமருந்து அடித்தால் மட்டும் புழு மனை அன்றோடு முடிந்தது என்பதை மறக்கக் கூடாது. மேற்குப் பக்கம் புங்கனும் வேம்பும் நட்டு வளர்ப்பதே கவலையில்லாத வழி. நிழல் தர ஐந்தாறு ஆண்டு பிடிக்கும், பிடிக்கட்டும். புதிதாக மனை கட்டுவோர் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓடும்படி கட்டினால், காலை மாலை வெயில் குறுகிய சுவர்களில் மட்டும் படும்.

வெப்பமானியை எங்கே தொங்க விடுகிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. வாசலுக்கு அருகே, ஆள் மார்பு உயரத்தில் மாட்டிவிட்டு 29 டிகிரி என்று நிம்மதியாக இருப்பார்கள். அதே நேரம் மேல் தட்டில் 33 இருக்கும். மேல் தட்டு மட்டத்தில், மனையின் நடுவில் மாட்டினால்தான் புழு படும் பாடு தெரியும்.

தண்ணீர் எப்போது மருந்து?

நீர் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள சூட்டை எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் காற்றிலிருந்து போய்விடும். எட்டு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவைப்படும் வெப்பம் இது. மண் பானையும், வெட்டிவேர்த் தட்டியும், ராஜஸ்தானத்துப் பாலைவன வீடுகளின் சன்னலில் ஓடும் ஏர்கூலரும் இந்த ஒரே விதியில் வேலை செய்கின்றன. புழு மனையின் சன்னல்களில் ஈரச் சாக்கு தொங்க விடுவதும் அதுவே.

ஆனால் காற்று காய்ந்திருந்தால்தான் நீர் ஆவியாகும். சாக்கு நனைப்பதைப் பலர் வழக்கமாகச் செய்கிறார்கள், காற்றைக் கேட்டுவிட்டுச் செய்வதில்லை. கேட்பதற்கு ஒரு கருவி உண்டு. உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானி என்று கடையில் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரே மாதிரியான இரண்டு சாதாரண வெப்பமானிகளை ஒரு பலகையில் மாட்டி, ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனி தண்ணீர்ப் புட்டியில் தோய்ந்திருக்கும்படி விட்டால் போதும். ஐந்து நிமிடம் விசிறிவிட்டு இரண்டையும் படிக்க வேண்டும்.

ஏப்ரல் பிற்பகலில் உலர் குமிழ் 36, ஈரக் குமிழ் 26 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10 டிகிரி. தண்ணீரால் எவ்வளவு முயன்றாலும் 26க்குக் கீழே போக முடியாது. ஈரச் சாக்கின் வழியே நல்ல காற்று வந்தால் வித்தியாசத்தில் பாதி குறையும். மனை 31 டிகிரிக்கு வரும். விசிறி வைத்து ஈரத் தட்டி வழியே காற்றை இழுத்தால் முக்கால் பங்கு வரை குறையலாம். 28, 29 டிகிரி கிடைக்கும். காய்ந்த காற்றில் ஈரப்பதம் ஏறுவதும் அப்போது புழுவுக்கு நன்மையே, இலையும் வாடாது.

ஐப்பசி மழையில் அதே மனையில் உலர் குமிழ் 29, ஈரக் குமிழ் 27 என்று நிற்கும். இப்போது சாக்கை நனைத்தால் கிடைப்பது ஒரு டிகிரி குளிர்ச்சி. உடன் வருவது பூஞ்சணம், அதாவது சுண்ணாம்புக்கட்டி நோய். வித்தியாசம் 4 டிகிரிக்குக் குறைந்தால் தண்ணீரை விட்டுவிட்டு விசிறியையும் சாளரத்தையும் நம்புவதே புத்திசாலித்தனம். புழு தோலுரிக்கும் நேரத்திலும் எந்த மாதமானாலும் தண்ணீர் வேண்டாம். படுக்கை காய்ந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் சுண்ணாம்புத் தூள் தூவுகிறோம்.

ஐந்தாம் பருவத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. இருநூறு தொகுதிப் புழு அப்போது நாளொன்றுக்கு 200 கிலோவுக்கு மேல் இலை தின்னும். மல்பெரி இலையில் எழுபது சதத்துக்கு மேல் நீர். ஆகவே விவசாயி ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்காவிட்டாலும் நாளொன்றுக்கு 140 லிட்டர் நீரை இலையாக மனைக்குள் கொண்டுவந்து கொட்டுகிறார். புழு உடம்பில் தங்கியது போக மீதி எச்சத்திலிருந்தும் படுக்கையிலிருந்தும் காற்றில் கலக்கிறது. அதோடு அம்மோனியா நெடி. முதிர்ந்த புழுவுக்குக் குளிர்ச்சி என்று சொல்லிக் கதவு சன்னல்களைச் சாத்தி ஈரச் சாக்கால் மூடுவது கேடு. ஏர்கூலர் வாங்கி வைத்தவர்களும் இதே தவற்றைச் செய்கிறார்கள். கூலர் உள்ளே தள்ளும் காற்று வெளியேற எதிர்ச்சுவரில் சன்னல் திறந்திருக்க வேண்டும். மூடிய மனையில் அரை மணி நேரத்தில் குளிர்ச்சி நின்று புழுக்கம் தொடங்கிவிடும். குளிர்சாதன இயந்திரம் பொருத்தலாமா என்று கேட்போருக்கும் பதில் இதுதான். காற்றோட்டம் வேண்டிய இடத்தில் அடைத்த அறைக்கான இயந்திரம் பொருந்தாது, மின் கட்டணமும் கட்டுபடியாகாது.

சாக்கு என்றால் சணல் சாக்கு. பிளாஸ்டிக் சாக்கு நீரைப் பிடிக்காது. பூச்சிமருந்துத் தூளோ உரமோ வந்த சாக்கை எத்தனை முறை அலசினாலும் புழு மனைக்கு ஆகாது. ஒவ்வொரு பயிருக்கும் இடையில் சாக்குகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்து வெயிலில் காயவைத்தால் நாற்றமும் பூஞ்சணமும் இராது.

பனி நாளில்

குளிர் புழுவை உடனே கொல்வதில்லை. அதனால்தான் அதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. இரவில் 18 டிகிரியாக இருந்தால் புழு தின்பதைக் குறைத்துக்கொள்கிறது. 24 நாளில் முடிய வேண்டியது நாலைந்து நாள் நீளும். அந்த நாலைந்து நாளுக்கு இலை எங்கே? பக்கத்துத் தோட்டத்தில் விலைக்கு இலை தேடி அலைவது தை மாதத்தில் வழக்கமாகக் காணும் காட்சி. ஈர இலையும் குளிரும் சேர்ந்தால் சுண்ணாம்புக்கட்டி நோயும் உடன் வரும்.

செலவில்லாத முதல் வேலை, பகலில் சேர்ந்த வெப்பத்தை இரவில் போக விடாமல் காப்பது. மாலை ஐந்து மணிக்கே வடக்கு, கிழக்குச் சன்னல்களில் திரை இறக்கி, தட்டு அடுக்குக்கு மேலே பாலித்தீன் தாளால் தாழ்வான கூரை கட்டினால் மூன்று நான்கு டிகிரி தங்கும். மேல் சாளரம் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். அதற்கு மேல் சூடு வேண்டுமானால் மின் சூடேற்றி நல்லது. மின்சாரம் நிற்கும் ஊரில் கரிக் கணப்பு வைக்கிறார்கள். கரியை வெளியே பற்ற வைத்து, புகை முழுவதும் அடங்கி, நன்றாகக் கனிந்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். புழு புகையைத் தாங்காது.

மனிதர் கதை இதைவிடக் கொடியது. கனிந்த கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரவு இலை போடுவதற்காகப் புழு மனையிலேயே படுத்துத் தூங்குகிறவர்கள், கணப்பை அருகே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டால் காலையில் எழ மாட்டார்கள். தலை கனத்து, வாந்தி வருவது போல் இருந்தாலே எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். கணப்பு உள்ளே இருக்கும்வரை யாரும் உள்ளே தூங்கக் கூடாது. குழந்தைகளை ஒருபோதும் அங்கே படுக்கவைக்கக் கூடாது. கொசுவுக்காகச் சுருளோ திரவ மருந்தோ ஏற்றுவதும் ஆகாது. கொசுவைக் கொல்வது புழுவையும் கொல்லும். கொசுவலைதான் வழி.

வெப்பத்தையும் காற்றையும் சேர்த்து ஆள்வது இன்று கண்டுபிடித்ததல்ல. ஜப்பானில் கும்மா மாநிலத்தில் தஜிமா யாஹெய் என்ற விவசாயி 1863ஆம் ஆண்டு கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. கீழே குடும்பம், மாடியில் புழு. கூரையின் முகட்டில் நீளவாக்கில் ஒரு சிறு தூக்குக் கூரை வைத்துச் சூடான காற்று தானே மேலேறி வெளியேற வழி செய்திருந்தார். அதே மாநிலத்தில் தகயாமா சோகொரோ என்பவர் காற்றோட்டத்தோடு கணப்பின் சூட்டையும் அளந்து கொடுக்கும் முறையை வகுத்தார். அதைக் கற்பிக்க ஒரு பள்ளியும் நடந்தது. அந்த வீடும் பள்ளியும் 2014ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. நம் தகரக் கூரை மனைகளுக்கும் முகட்டில் ஒரு முழ இடைவெளி விட்டு, மழை படாமல் மேலே சிறு தகடு போட்டால், மின்சாரம் இல்லாத நண்பகலிலும் சூடு வெளியேறும். ஊசி ஈ நுழையாதபடி நைலான் வலை அடிக்க வேண்டும்.

பழுது பார்க்கும் நாள்

பனித்தூவான் பொருத்தியவர்கள் பலர் ஒரே ஆண்டில் அதை மூலையில் போட்டுவிடுகிறார்கள். காரணம் கருவியல்ல, தண்ணீர். இந்த மாவட்டத்து ஆழ்குழாய்க் கிணறுகளில் பெரும்பாலும் உப்பு நீர். தூவானின் கண்ணில் சுண்ணாம்பு உப்பு படிந்து, பனியாக வர வேண்டியது சொட்டாக விழுகிறது, படுக்கை நனைகிறது. மழை நீரைத் தொட்டியில் சேர்த்து அதற்கென்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. இயலாதவர்கள் வடிகட்டி பொருத்துவதோடு, தூவான் முனைகளைக் கழற்றி ஓர் இரவு வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்துக் கழுவலாம். கம்பியால் குத்தினால் கண் பெரிதாகி முனை வீணாகும்.

ஐந்தாம் பருவத்தில் விசிறி நின்றுபோனால் நகரத்திலிருந்து ஆள் வருவதற்குள் புழு காத்திராது. இரண்டு பயிருக்கு இடையில் மனையைக் கழுவிக் கிருமி நீக்கும் நாட்களே இந்த வேலைகளுக்கும் உரியவை. இரண்டு சத பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளிக்கும் முன்பே விசிறியையும் தூவான் முனைகளையும் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும், அது உலோகத்தை அரித்துவிடும். சன்னலின் நைலான் வலையில் தூசி அடைத்திருந்தால் பாதிக் காற்று நின்றுவிடும். அதையும் அப்போதே கழுவ வேண்டும். விசிறியை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடேறுகிறதா என்று பார்ப்பதும் அப்போதே. ஒரே ஊரில் ஐந்தாறு பேர் புழு வளர்த்தால், உதிரி மின்தேக்கி ஒன்றும் தூவான் முனைகள் நாலைந்தும் பொதுவில் வாங்கி ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்வது பெரிய செலவல்ல.

கோடையில் இலை பறிப்பதும் போடுவதும்கூட மாற வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் பறித்து, ஈரச் சாக்கு போர்த்திய நிழலறையில் வைத்து, நண்பகல் வேளைக்குக் குறைவாகவும் இரவு வேளைக்கு அதிகமாகவும் போட வேண்டும். குளிர்ந்த இரவில்தான் புழு பசியோடு தின்னும். வெயில் காலத்தில் வழக்கமான தொகுதியில் கால் பங்கைக் குறைத்து, தட்டில் புழுவைக் கலைத்து இடம் விட்டு வளர்த்தால், குறைத்த கால் பங்கு பெரும்பாலும் எடையில் திரும்பி வந்துவிடுகிறது.

புதிய மனை கட்டவும் கருவிகள் வாங்கவும் மானியத் திட்டங்கள் உண்டு; விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் கட்டத் தொடங்கும் முன்பே பட்டு வளர்ச்சித் துறையின் அருகிலுள்ள அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டிய பிறகு கேட்டால் கூரையை மாற்றச் சொல்வார்கள். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் விவரம் கேட்கலாம். தகரக் கூரை உள்ளவர்கள் மாசிப் பயிருக்கு முட்டை சொல்லிவைக்கும் முன், சுண்ணாம்புக்குச் சொல்லிவைக்கட்டும்.